எடுத்துக் கொடுத்த வசனம்

நாடகம் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்வரைக்கும் என்ன செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் நான் "சும்மா இருக்கிறேன்" என்று சொல்வதில்லை. சும்மா இருப்பதற்கும் ஒரு துணிவு வேண்டும். எனக்கு அது வாய்க்கவில்லை. நான் பயந்துகொண்டு இருப்பேன். நெறியாளர் வட்ஸ்அப்புக்குக் கடைசியாக எப்போது வந்தார், மற்றவர்களின் செய்திக்கெல்லாம் பெருவிரல் காட்டியவர் என்னுடையதற்கு மட்டும் ஏன் காட்டவில்லை, எனக்குச் சொல்லாமல் வேறு யாரையாவது வைத்துப் புது நாடகம் தொடங்கிவிட்டாரா. இப்படி ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போவேன். பயப்பட ஒன்றும் கிடைக்காத நாளில் காஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்கப் போவேன்.

"அந்தப் போனை என்னடா அடைகாத்துக்கிட்டே இருக்க?" என்பார் அம்மா. "குஞ்சு பொரிச்சா சொல்லு, கூடு வாங்கணும்."

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு மேல்மாடியில் இரண்டு அறை. அம்மா, அக்கா, நான். அப்பா போனபிறகு ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதன்பிறகு நான் படித்த படிப்பெல்லாம் மேடையில்தான். கோவில் வளவில் பெரிய வியாழனுக்கு நடந்த இயேசுவின் பாடுகளின் காட்சியில் ஈட்டி பிடித்து நின்ற படைவீரர்களில் ஒருவனாகத் தொடங்கினேன். அங்கே என்னைக் கண்ட ஒருவர், வெள்ளவத்தையில் நாடகம் போடும் ஒரு சேரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர்தான் நான் சொல்லும் நெறியாளர்.

அவர் கையில் தந்த முதல் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகும். அக்காதான் வழி கண்டுபிடித்தாள். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பிரதியைச் சத்தமாக வாசிப்பாள். நான் தரையில் உட்கார்ந்து கேட்பேன். என்னுடைய வசனத்தை மட்டும் பொறுக்கி வாசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. எல்லாருடைய வசனத்தையும் ஒரே குரலில், ஒரே மூச்சில், கண்ணீர் வடிய வடிய வாசித்துத் தள்ளுவாள். அதனால் எனக்கு எல்லாருடைய வசனமும் பாடம் ஆகிவிட்டது.

இது தெரிந்த நாளிலிருந்து குழுவில் எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. மேடையில் யாராவது வசனத்தை மறந்து விழித்தால், பக்கத்தில் நான் இருந்தால் போதும். முகத்தை மாற்றாமல், உதட்டை அசைக்காமல், முதல் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். சபைக்கு ஒன்றும் தெரியாது. "இவன் நிக்கிற மேடையில அமைதி எண்ட ஒண்டே வராது" என்று சேர் மற்றவர்களிடம் சொல்லும்போது எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காரும். படிக்காதவனுக்கு அது பெரிய விஷயம். உண்மையைச் சொன்னால், அமைதிக்கு எனக்குப் பயம். மேடையில் யாரும் பேசாமல் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கூரை இடிந்து விழப்போகிறது என்றே நினைப்பேன். அதுதான் ஓடிப்போய் முட்டுக் கொடுக்கிறேன்.

பிறகு எங்கள் குழுவுக்கு ஒருத்தி வந்தாள். அவளோடு நான் நடித்த நாடகத்தில் இரண்டே பேர். கப்பல் வேலைக்குப் போகப்போகிற ஒருவன், அவன் மனைவி. மேடையில் ஒரு கதவு, ஒரு கட்டில், ஒரு பை. கடைசியில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு கதவடியில் நிற்பான்.

"நான் போறன்."

"போயிட்டு வாங்கோ. நான் கதவைப் பூட்டமாட்டன்."

"மழை பெய்தால்?"

"பெய்யட்டும்."

அவ்வளவுதான். விளக்கு அணையும்.

அவள் வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் அம்மாவோடு இருந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சைவம். பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. என்னை "நீர்" என்பாள். "நீர் ஏன் எப்ப பாத்தாலும் ஆரோ செத்தமாதிரி முகத்தை வைச்சிருக்கிறீர்?" என்றுதான் என்னோடு முதல்முதல் பேசினாள். எனக்குத் திருப்பி "நீர்" என்று சொல்ல வராது. கொட்டாஞ்சேனையில் அப்படிக் கதைத்தால் திரும்பிப் பார்ப்பார்கள். நான் "நீங்க" என்றே சொன்னேன்.

"நீங்க, வாங்க, போங்க. நான் என்ன உம்மட வங்கி முகாமையாளரோ?"

"இல்ல, மரியாதைக்கு."

"மரியாதையைக் கொண்டுபோய் உம்மட அலுமாரிக்குள்ள வையும்."

இருவருக்கும் தெரிந்ததை இருவரும் சொல்லவில்லை. கடைசி நாள் நாடகம் முடிந்து ஒப்பனை கலைக்கும்போது என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த பவுடரை அவள் தட்டிவிட்டாள். தட்டி முடிந்தபிறகும் கையை எடுக்கவில்லை. அப்போது யாரோ, "வான் வந்திட்டுது, சாமானை ஏத்துங்கோ" என்று கத்தினார்கள். கதவைத் தூக்கிக்கொண்டு போக நான்தான் போனேன்.

அன்றைக்குச் சேர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "பிரதியை மறந்து போடாதையுங்கோ. யாழ்ப்பாணத்தில கேக்கினம், மட்டக்களப்பில கேக்கினம். மண்டபம் சரிவந்த உடனே திரும்பப் போடுறம்."

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு நான் பல மாதம் இருந்தேன்.

எங்களுக்குள் "வசனம் ஓட்டுவது" என்று ஒன்று உண்டு. நடிப்பு இல்லை, அசைவு இல்லை, உணர்ச்சியும் இல்லை. சொற்களை மட்டும் விறுவிறு என்று சொல்லிக்கொண்டு போவது. நாடகம் இல்லாத காலத்தில் அது மறந்துபோகாமல் இருக்க அப்படிச் செய்வோம். அவளும் நானும் சனிக்கிழமை பின்னேரங்களில் வெள்ளவத்தை ரயில் நிலையம் தாண்டி, தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கொட்டியிருக்கும் கருங்கல்லில் உட்கார்ந்து வசனம் ஓட்டினோம். வீட்டில் அவள் சிநேகிதியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாள். நான் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறுவேன். புறக்கோட்டை நெரிசலில் பஸ் நின்றால், அவள் பார்த்துவிட்டுப் போய்விடுவாள் என்று போனில் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் ஒருநாளும் போனதில்லை. சுருளில் கடலையை வைத்துக்கொண்டு, "அரைவாசி முடிஞ்சுது. மிச்சம் உமக்கு" என்பாள்.

ரயில் வந்தால் நிறுத்துவோம். கல்லெல்லாம் அதிரும். போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். பாதி வசனத்தில் சண்டை பிடிக்கும் கணவன் மனைவியாக இருந்துகொண்டு, கூவிக்கொண்டு போகிற ரயிலை இரண்டு பேரும் வாயை மூடிப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். நான் பயப்படாத ஒரே அமைதி அதுதான். அதைச் செய்தது ரயில், நாங்கள் இல்லை.

ஒருநாள் அவள் கேட்டாள்: "இந்த நாடகம் திரும்ப வராட்டில் என்ன செய்வம்?"

"வரும்."

"வராட்டில்?"

"சேர் சொன்னாரே."

"நீர் கடவுளை விடச் சேரைத்தான் கூட நம்புறீர்."

அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் நான் மனதுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தேன். ஒத்திகை திரும்பத் தொடங்கும் முதல் நாள், வழக்கம்போல அவளை ஒழுங்கை முனைவரைக்கும் கொண்டுபோய் விடும்போது திரும்பாமல், அவளோடு மாடிப்படி ஏறி அவள் அம்மாவைப் பார்ப்பது. "தம்பி என்ன செய்யிறீர்?" என்று அந்த அம்மா கேட்பார். அந்த நேரத்தில் நான் ஒரு நாடகத்தில் இருக்க வேண்டும். நாடகத்தில் இருக்கிற நான் ஓர் ஆள். பத்திரிகையில் படம் வந்த ஆள். நாடகம் இல்லாத நான் ஒன்பதாம் வகுப்போடு நின்ற, கொட்டாஞ்சேனை வேதக்காரப் பையன். அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு நான் எப்படிப் படி ஏறுவது? அதனால் நாடகம் வரட்டும் என்று இருந்தேன். அதுவரைக்கும் அவள் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தால் போதும்.

இடையில் வந்த வேலையைச் செய்தேன். ஒரு வானொலி விளம்பரத்தில் கூச்சப்படும் பல்லாகப் பேசினேன். மருத்துவ மாணவர்களின் பரீட்சைக்கு நெஞ்சுவலிக்காரனாகப் படுத்துக் கிடந்தேன். நன்றாகச் செய்கிறாய் என்று அங்கே பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் உண்மையாகவே நெஞ்சு வலிப்பதுபோல இருந்தது. அக்கா இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தந்து, "நடிப்ப வாசலிலயே கழட்டி வச்சிட்டு வாடா" என்றாள். மண்டபம் சரிவரவில்லை, காசு தருகிறேன் என்றவர் பின்வாங்கிவிட்டார் என்று சேர் குழுவில் குரல்செய்தி போட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொன்றையும் பலமுறை கேட்பேன். குரலில் ஏதாவது மறைக்கிறாரா என்று கேட்பேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை.

கடலுக்கு மேல் மழை கறுத்துக்கொண்டு நின்றது. அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். கையில் கடலை இல்லை. வேலைக்குப் போடும் சட்டை போட்டிருந்தாள், அலுவலகம் இல்லாத நாளில். அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, அடுத்த வாரம் வரமாட்டேன் என்று சொல்லப்போகிறாளோ என்று பயந்தேன். என் பயம் அவ்வளவு தூரம்தான் போனது.

"மழை வரப்போகுது," என்றேன். "கெதியா ஓட்டிட்டுப் போவோமா?"

"கொஞ்சம் இருமன்."

"நனைஞ்சிடுவீங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "சரி. ஓட்டும்," என்றாள்.

ஓட்டினோம். அவள் வேகமாகச் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. நான் தூரத்தில் ரயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். கடைசிக் காட்சிக்கு வந்தோம்.

"நான் போறன்," என்றேன்.

அவள் பேசவில்லை.

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள். வாய் கொஞ்சம் திறந்தது. மூடியது. ரயில் ஒன்றும் வரவில்லை. அலை கல்லில் அடித்துத் திரும்பிப் போனது. அவள் கழுத்தில் ஒரு நரம்பு துடிப்பதைக் கண்டேன். இன்றைக்கும் அதை நான் நன்றாகப் பார்க்கிறேன். அவள் வாய் திரும்பவும் திறந்தது.

நான் எடுத்துக் கொடுத்தேன்.

"போயிட்டு வாங்கோ…" என்றேன், மெல்ல, உதட்டை அசைக்காமல், மேடையில் செய்வதுபோல.

அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. கோபம் இல்லை. பஸ் போய்விட்டதைக் கண்டவர்கள் கையை மெதுவாக இறக்குவார்களே, அப்படி.

"போயிட்டு வாங்கோ," என்றாள். "நான் கதவைப் பூட்டமாட்டன்."

"மழை பெய்தால்?"

"பெய்யட்டும்."

முடித்ததும் மழை வந்தது. நிலையத்துக் கூரைக்குக் கீழே ஓடினோம். அவள் ஒழுங்கைப் பக்கம் திரும்பும்போது, "உமக்கு எல்லாம் பாடம், என்ன?" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதுகூட, அவள் மறந்ததையும் நான் காப்பாற்றியதையும் நினைத்துக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு வேலை என்று செய்தி வந்தது. அதற்கடுத்ததும் வேலை. பிறகு செய்தியும் குறைந்தது. நான் காரணம் தேடினேன். உடம்பு சரியில்லையோ, அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதோ, நான் "நீங்க" என்று சொல்வது உண்மையாகவே பிடிக்கவில்லையோ. ஆயிரம் காரணம் தேடினேன். கல்லில் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் என் நினைப்புக்கு வரவில்லை. அது நான் சரியாகச் செய்த இடம் அல்லவா.

டிசம்பரில், எங்கள் நாடகத்துக்கு விளக்குப் போடுகிறவர் ஒரு வேலை பிடித்துத் தந்தார். வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு பெரிய புடைவைக் கடை வாசலில் நத்தார் தாத்தாவாக நிற்கிற வேலை. சிவப்பு உடுப்பு, பஞ்சுத் தாடி, ரோஸ் நிறத்தில் சிரிக்கிற பிளாஸ்டிக் முகமூடி. கடை முதலாளி என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, வயிறு காணாது. பசியில வந்த தாத்தா மாதிரிக் கிடக்கு" என்று உள்ளே போய் ஒரு தலகணியைக் கொண்டுவந்து தந்தார். கையுறையில் ஒன்றுதான் இருந்தது. மற்றதைப் போன வருடத்துத் தாத்தா தொலைத்துவிட்டாராம்.

பிள்ளைகள் வருவார்கள், டொஃபி கொடுப்பேன், மணியை ஆட்டுவேன், பாட்டுக்கு இடுப்பை ஆட்டுவேன். ஒரு சின்னவன் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தாத்தா, ஏன் உங்கட மூஞ்சி வெள்ளை, கை கறுப்பு?"

"வெயில்ல வந்தேன், ராசா."

"பனியிலதானே வாறது?"

"பனி வத்தளையோட முடிஞ்சிருச்சு."

அவன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் நல்லாக இருந்தது. மழைக்காலம் என்றாலும் அந்த உடுப்புக்குள் வேர்த்து ஊற்றும். ஆனால் முகமூடிக்குள் யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பதே எனக்கு ஒரு ஓய்வு.

ஒருநாள் அவள் தன் அம்மாவோடு கடைக்கு வந்தாள். அந்த அம்மாவை ஒருமுறை நாடகத்தில், முன்வரிசையில் பார்த்திருந்தேன். என்னைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். சீலை காட்டும் மேசை வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்த அம்மா உட்கார்ந்தார். அவள் பின்னால் நின்றாள். விற்கிற பெண்ணுக்கும் அந்த அம்மாவுக்கும் முன்பே பழக்கம் போல.

"என்ன அன்ரி, விசேஷமோ?"

"ஓம் பிள்ளை, இவளுக்குத்தான். தையில. மாப்பிள்ளை கனடா. மாப்பிள்ளை பகுதிக்குக் குடுக்க நல்லதாய் ஒரு பத்துச் சீலை எடுத்துப் போடு பாப்பம்."

நான் மணி ஆட்டுவதை நிறுத்தவில்லை. கை அதன் பாட்டில் ஆட்டியது.

"ஆ, அக்கா சொல்லவே இல்லையே!" என்று அந்தப் பெண் அவளைப் பார்த்தாள்.

"எங்க சொல்லுறது, இவள் பிடி குடுத்தால்தானே. நல்ல இடம், கேட்டு வந்து ஒரு மாசம் இழுத்தடிச்சவள். என்னெண்டு கேட்டால், பொறுங்கோ அம்மா, ஒரு ஆளிட்டக் கேட்டிட்டுச் சொல்லுறன் எண்டாள். நான் ஆரோ சாத்திரியாராக்கும் எண்டு நினைச்சன்."

விற்கிற பெண் சிரித்தாள். "பிறகு? சாத்திரியார் என்னவாம்?"

"ஆருக்குத் தெரியும்? ஒரு சனிக்கிழமை, மழை கொட்டேக்க, தெப்பமாய் நனைஞ்சு வந்தாள். செருப்புக் கழட்ட முதல், ஓம் எண்டு சொல்லுங்கோ அம்மா எண்டிட்டுக் குளிக்கப் போட்டாள்."

அப்போதுதான் எனக்கு அந்தக் கல், அந்தக் கழுத்து நரம்பு, திறந்து மூடிய வாய், எல்லாம் வந்தன. அவள் ஒன்றையும் மறக்கவில்லை. வசனம் கிடக்கட்டும் என்று வைத்துவிட்டு என்னிடம் கேட்க வந்தவள். கேட்க வாய் திறந்தபோது, போயிட்டு வாங்கோ என்று சொல்லிக் கொடுத்தது நான்.

பாட்டு மாறியது. நான் ஆட வேண்டிய பாட்டு. ஒரு பிள்ளை என் உடுப்பைப் பிடித்து இழுத்தது. டொஃபி கொடுத்தேன். எந்தக் கையால் என்று யோசிக்கவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். முதலில் கையை. பிறகு நான் நிற்கிற விதத்தை. கப்பல்காரனுக்காக நான் பழகிய நிற்பு அது, ஒரு கால் கொஞ்சம் வெளியே. என்னைவிட்டு அது போகவே இல்லை. அவள் மேசையடியிலிருந்து நடந்து வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"தாத்தா, பெரிய ஆக்களுக்கு டொஃபி இல்லையோ?" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

பையில் கையை விட்டேன். ஒன்றை எடுத்து நீட்டினேன். அவள் உடனே வாங்கவில்லை. பிளாஸ்டிக் முகமூடியின் கண் ஓட்டைக்குள் பார்த்தாள்.

"வேர்க்குது உமக்கு," என்றாள். அது எனக்கு மட்டும் கேட்டது.

அதன்பிறகு அவள் பேசவில்லை. போகவும் இல்லை. காத்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பேச எவ்வளவோ இருந்தது. போகாதீங்க என்ற ஒரு சொல் போதும். ஆனால் அது எந்தப் பிரதியிலும் இல்லை, அக்கா அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. பக்கத்தில் நின்று எனக்கு எடுத்துக் கொடுக்கவும் ஆள் இல்லை. முகமூடி தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை, அங்க என்ன விளையாட்டு? இந்த நிறத்தை வந்து பார்."

"வாறன், அம்மா."

டொஃபியை எடுத்துக்கொண்டு போனாள்.

பின்னேரம் முகமூடியைக் கழற்றியபோது முதலாளி கடதாசிக் கைத்துண்டு ஒன்றை நீட்டி, "உள்பக்கத்தை நல்லாத் துடைச்சு வையும் தம்பி, நாளைக்கும் போடவேணும்" என்றார். துடைத்து வைத்தேன். அடுத்த நாளும் போட்டேன்.

தைக்கு இன்னும் நாள் இருந்தது. பேசியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். போனில் எழுதி எழுதி அழித்தேன். ஒருமுறை அவள் ஒழுங்கை முனைவரைக்கும் போய், மாடிப்படியைப் பார்த்துவிட்டு, வந்த பஸ் பக்கமே திரும்பினேன். அவள் அம்மா கேட்கப்போகும் கேள்வி அந்தப் படியில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. ஓம் சொல்லிச் சீலையும் எடுத்தாயிற்று. இனி நான் போய் நிற்பது அவளை அழவைக்க மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தவனுக்கு இப்படிப்பட்ட நல்ல காரணங்கள் தாராளமாகக் கிடைக்கும்.

அம்மா ஒருநாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளையா?"

"எந்தப் பிள்ளை?"

"எனக்குத் தெரியாதா? நாடகம் முடிஞ்ச பிறகும் சனிக்கிழமையில சவரம் செஞ்சுக்கிட்டு வசனம் பேசப் போறவன் கொழும்பிலேயே நீ ஒருத்தன்தான்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோவிலுக்குப் போன அம்மா வழக்கத்தைவிடப் பிந்தித்தான் வந்தார். எனக்காக எதைக் கேட்டு அங்கே முழங்காலில் நின்றார் என்று தெரியாது. கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

தையில் எங்கள் குழுவில் கலியாணப் படங்கள் வந்தன. எல்லாரும் இதயம் போட்டார்கள். நானும் போட்டேன். போடாவிட்டால் யாராவது கவனிப்பார்கள் என்று பயமாக இருந்தது.

மாசியில் சேரின் அழைப்பு வந்தது. நான் அடைகாத்த அழைப்பு.

"டேய், யாழ்ப்பாணத்தில மண்டபம் சரி. பழைய நாடகந்தான். அவள் கனடாவுக்குப் போறாளெல்லோ, புதுப் பிள்ளை ஒண்டு பிடிச்சிருக்கிறன். உனக்குத்தானே எல்லாம் பாடம், நீயே அவளுக்குச் சொல்லிக் குடு."

"சரி, சேர்," என்றேன்.

புதுப் பிள்ளை கொம்பனித்தெருவிலிருந்து வந்தாள். கெட்டிக்காரி. எனக்கு "அண்ணா" போட்டாள். நான் வசனத்தைச் சொல்ல, அவள் திருப்பிச் சொல்வாள். பிறகுதான் கவனித்தேன், நான் சொல்லிக் கொடுத்தது வசனத்தை மட்டுமல்ல. எந்த இடத்தில் குரல் இறங்கும், எந்தச் சொல்லில் கொஞ்சம் எரிச்சல் வரும், எல்லாம் மற்றவளுடையவை. அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து அவை திரும்பி வரும்போது நான் வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

முதல் முழு ஒத்திகை. கதவு வந்திருந்தது, நாங்கள் வானில் ஏற்றிய அதே கதவு. பையைத் தூக்கிக்கொண்டு அதனடியில் நின்றேன்.

"நான் போறன்."

அந்தப் பிள்ளை பேசவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்தது. மூடியது. எனக்கு வசனம் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. போயிட்டு வாங்கோ. பழகிய நாய் மாதிரித் தானாக எழுந்து வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. நான் பல்லைக் கடித்தேன். பைப் பிடி கையில் வழுக்கியது.

"டேய்!" சேர் கீழேயிருந்து கத்தினார். "என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? எடுத்துக் குடு!"

நான் எடுத்துக் கொடுக்கவில்லை. இப்படி நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

"இல்ல சேர்," என்றாள் அந்தப் பிள்ளை. "எனக்கு வசனம் மறக்கல்ல. இந்த இடத்தில அவளுக்கு வேற என்னமோ சொல்ல இருக்கு. அது வருமோ எண்டு கொஞ்சம் நிண்டு பாத்தன். பிழையா?"

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாய்த்தான் கிடக்கு," என்றார். "அப்பிடியே வைச்சிரு. எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் நில். நீ ஒண்டும் சொல்லாதை, விளங்குதோ?" கடைசியில் சொன்னது எனக்கு.

"விளங்குது, சேர்."

யாழ்ப்பாணத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சி வந்தது. நான் பையைத் தூக்கினேன். கதவடிக்குப் போனேன். நான் போறன் என்றேன். அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பி நின்றாள். பின்வரிசையில் ஒரு குழந்தை இருமியது. யாரோ அதைத் தட்டிக் கொடுத்தார்கள். பிறகு அதுவும் இல்லை. கூரை இடிந்து விழவில்லை. அவள் வாய் திறந்தது.

நான் காத்துக்கொண்டு நின்றேன்.